அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டார்களா?

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் முதல் பருவம் முடிகிற அத்தியாயத்தை எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம். நான், என் அத்தை, எதிர் வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் பெண். அத்தைக்கு ஆங்கிலம் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஜோயல் துப்பாக்கியோடு ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, குறுக்கே வந்தவர்களையெல்லாம் சுட்டுவிட்டு, ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் கிடந்த எல்லியைத் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னா பண்ணுவான்? ஆபத்துக்குப் பாவமில்ல. பெத்த பொண்ணாட்டம் கூட்டிகினு வந்தவன் அங்கயே வுட்டுட்டு வருவானா?" என்றார் அத்தை.

நர்ஸ் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. "அது இருக்கட்டும் ஆன்ட்டி. அந்தப் பொண்ண யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? டாக்டரும் கேக்கல, இவரும் கேக்கல."

இந்த இரண்டு வாக்கியங்களும் அதன்பிறகு என்னை விடவில்லை. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளில் வரும் நியாய அநியாயத்தைப் புரிந்துகொள்ள இவ்விரண்டுமே போதும் என்று நினைக்கிறேன். அதிலும் வேலூரில் இருந்துகொண்டு பார்க்கும்போது. (தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.)

முதலில் கதை. 2013இல் வந்த வீடியோ கேம் ஒன்றை வைத்து கிரெய்க் மேசினும் நீல் டிரக்மனும் எச்.பி.ஓ.வுக்காக உருவாக்கிய தொடர் இது. முதல் பருவம் 2023 ஜனவரியில் தொடங்கி ஒன்பது அத்தியாயங்கள் ஓடியது. இரண்டாவது 2025இல் வந்தது, ஏழு அத்தியாயங்கள். உலகத்தைக் கவிழ்ப்பது ஒரு பூஞ்சை. எறும்புகளைத் தாக்கும் பூஞ்சை இயற்கையிலேயே உண்டு. எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதன் நடமாட்டத்தையே தன் பிடிக்குள் கொண்டுவந்து, செடியில் ஏறி இலை நரம்பைக் கடித்துத் தொங்க வைக்கும். எறும்பு செத்ததும் அதன் தலையைப் பிளந்துகொண்டு காளான் தண்டு கிளம்பும். தொடரின் முதல் காட்சியில், 1968இல் நடப்பதாகக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், ஒரு விஞ்ஞானி விளக்குகிறார்: மனித உடலின் சூடு இந்தப் பூஞ்சைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, அதுதான் நமக்குக் காவல்; பூமி சூடாகி, பூஞ்சையும் சூட்டுக்குப் பழகிவிட்டால்? 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு கறுப்புப் பூஞ்சை வந்தபோது மருந்துக்கு அலைந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சும்மா கடந்து போகாது.

தொடரில் பூஞ்சை 2003 செப்டம்பரில் மனிதர்களுக்குப் பரவுகிறது. அன்று இரவே ஜோயலின் மகள் சாரா சாகிறாள், நோயால் அல்ல. நோய் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், மேலிடத்து உத்தரவுப்படி ஒரு சிப்பாய் சுடுகிறான். இருபது வருடம் கழித்து, கல்லாகிப்போன அதே ஜோயலிடம் எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண் ஒப்படைக்கப்படுகிறாள். அவளைக் கடித்தும் நோய் ஏறவில்லை. அவளைக் கொண்டு மருந்து கண்டுபிடிக்கலாம் என்று நம்பும் ஃபயர்ஃபிளைஸ் என்ற கிளர்ச்சிக் குழுவிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பயணம்.

ஆபத்துக்குப் பாவமில்லை. நம் ஊரில் இதைச் சொல்லாத வீடு கிடையாது. விரதத்தன்று மயங்கி விழுந்தவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது சொல்வோம். தீட்டு பார்க்கிற வீட்டில் பிரசவ வலி வந்தால், கதவைத் திறந்துவிட்டுச் சொல்வோம். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பதும் இதன் கூடப் பிறந்ததுதான். அந்தப் பத்தில் மானமும் உண்டு, தானமும் உண்டு. இந்த மாதிரித் தொடர்களின் வேலையே அந்தப் பத்தும் ஒவ்வொன்றாகப் பறப்பதைக் காட்டுவதுதான்.

ஆனால் மேலே நான் சொன்ன உதாரணங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அவற்றில் உடைவது நம்முடைய விரதம், நம்முடைய ஆசாரம், நம்முடைய மானம். நஷ்டம் நமக்கு. அடுத்தவன் கழுத்தை அறுத்து நாம் பிழைப்பதற்கு அந்தப் பழமொழியைப் பாட்டிமார்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேரழிவுக் கதைகளில் இந்த வித்தியாசம் சத்தமில்லாமல் அழிந்துபோகிறது. "வேறு வழியில்லை" என்று ஒருவர் சொன்னால், விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை மிக நேர்மையாகத் தொட்ட இடம், என் கணக்கில், கடைசி அத்தியாயம்கூட இல்லை. கன்சாஸ் சிட்டியில் நடக்கும் ஹென்றி, சாம் கதை. நகரத்தை ஃபெட்ரா என்ற ராணுவ அரசு இரும்புப் பிடியில் வைத்திருந்தது. எதிர்த்துப் போராடியவர்களின் தலைவன் மைக்கேல். நல்லவன், யாரையும் மன்னிக்கத் தெரிந்தவன். ஹென்றியின் தம்பி சாமுக்கு ரத்தப் புற்றுநோய், எட்டு வயது, காது கேட்காது. மருந்து ஃபெட்ராவிடம் மட்டும் இருந்தது. அதற்கு அவர்கள் கேட்ட விலை மைக்கேல். ஹென்றி காட்டிக்கொடுத்தான். மைக்கேல் கொல்லப்பட்டான். சாம் பிழைத்தான்.

இதை வேலூரில் பார்ப்பது வேறு. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் காலையில் நடந்து பாருங்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து. மீன் குழம்பும் சோறும் போடும் வங்காளி ஓட்டல்கள். காட்பாடி ஜங்ஷனில் வடகிழக்கிலிருந்து வரும் ரயில் நின்றால், பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் இறங்கும். நடுவில் ஒருவர் மட்டும் மெதுவாக நடப்பார். கையில் ஸ்கேன் உறை. நிலத்தை விற்றவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், படிக்கிற பையனை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள். ஒருவரைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை இந்த ஊர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹென்றியை இங்கே யாராலும் சட்டென்று கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரில் யாரிடம் அந்த பேரம் வந்தாலும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

தொடர் ஹென்றிக்கு மன்னிப்புச் சீட்டு எழுதவில்லை. அவனே தன்னைக் கெட்டவன் என்றுதான் சொல்கிறான், சமாதானம் தேடாமல். எதிர்ப்பக்கம் மைக்கேலின் சகோதரி கேத்லீன். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவனை விடமாட்டேன் என்று நகரத்தையே சல்லடையாகச் சலிக்கிறாள். குழந்தைகள் சாவது புதிதா, சாம் ஒருவனைச் சுற்றியா உலகம் என்பது அவள் கேள்வி. கேட்க மனம் பதறும். ஆனால் அவளுக்கும் ஒரு சகோதரன் இருந்தான். இரண்டு பக்கமும் கூடப் பிறந்த பாசம்தான், எதிரெதிரே ஆயுதத்தோடு நிற்கிறது. பாசம் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நம்முடைய சினிமா மனசுக்கு இது பெரிய அடி.

சாம் கடிபடுகிறான். அன்றிரவு தன் சிலேட்டில் எழுதி எல்லியிடம் கேட்கிறான்: அரக்கனாக மாறிவிட்டாலும் உள்ளே இருப்பது நாம்தானா? விடிந்தபோது அவன் மாறியிருந்தான். ஹென்றி தம்பியைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டான்.

சாமின் கேள்வியை நம் மாவட்டம் வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. தொழுநோய் வந்தவர்களை உயிரோடு இருக்கும்போதே செத்தவர்களாக எண்ணி ஊருக்கு வெளியே விட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. விரல் அழுகி விழும் என்று நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் கைகளைப் பொறுமையாகக் கவனித்துக் கண்டுபிடித்தது என்னவென்றால், நோய் விரலைத் தின்பதில்லை, வலியைத்தான் தின்கிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் தெரியாது. தெரியாததால் காயம் மேல் காயம் பட்டு விரல் தேய்கிறது. மடங்கிப்போன விரல்களை, வேறிடத்துத் தசைநாரை மாற்றிக் கட்டி அவர் நிமிர்த்தினார். 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. உள்ளே இருப்பது அதே ஆள்தான் என்று நம்பி ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்ததால் இது நடந்தது. ஒருவரை 'இனி மனிதர் இல்லை' என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு அவரிடம் எதையும் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. பேரழிவுத் தொடர்களில் முதலில் சாவது அந்தக் கேட்கும் பழக்கம்தான்.

மூன்றாவது அத்தியாயத்தில் ஓரிடம் வரும். வழியில் ஒரு புதைகுழி, எலும்புகள், குழந்தைத் துணி. எல்லிக்கு ஜோயல் விளக்குகிறான்: இவர்கள் யாருக்கும் நோய் இல்லை. பாதுகாப்பு முகாமில் இடமில்லை, அதனால் ராணுவம் சுட்டுவிட்டது. செத்தவர்களுக்கு நோய் தொற்றாதே. நிதானமான குரலில் சொல்கிறான். துப்பாக்கியைவிட அந்தக் கணக்கு எனக்குப் பயமாக இருந்தது.

கணக்கு போட்டு மனிதர்களைச் சாகவிட்டது கற்பனை உலகத்தில் மட்டும் நடந்ததா? 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும் உலுக்கியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தால் உயிர் நிற்கும் என்று 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு சோதனை செய்யச் சொன்னார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் காசு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், இது பட்டினிக் கூலி, குறைந்தது ஒன்றரை பவுண்டும் பருப்பு காய்கறியும் வேண்டும் என்று அதிகாரத்தில் இருந்தவர்களோடு எழுத்தில் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை ஓரளவு உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் முகாம்களில் எத்தனை பேர் சுருண்டு விழுந்திருப்பார்கள்.

பஞ்சம் என்றதும் பசித்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைத்தான் தொடர்கள் காட்டுகின்றன. கேமரா அங்கேயே நிற்கிறது. அரைப் பவுண்டைக் குறைத்து எழுதிய பேனா பக்கம் அது போவதில்லை. இந்த வகையில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பரவாயில்லை, ஃபெட்ராவைக் காட்டுகிறது. ஆனாலும் அதன் அக்கறை முழுக்க ஜோயலின் நெஞ்சுக்குள்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெருக்கடி வந்தால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பது இந்த வகைக் கதைகளின் அடிப்படை நம்பிக்கை. 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோக அரசு முடிவு செய்தது. அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டம்தான். இங்கேயும் தெருவில் காலிக் குடங்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. எங்களுக்கே இல்லை, போராட்டம் வெடிக்கும் என்ற பேச்சு எழுந்தது. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும். அது நியாயமான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உள்ளூர் விநியோகம் குறையாது என்று அரசு உறுதி சொன்னது. ஜூலை 12ஆம் தேதி ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. யாரும் தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை. முணுமுணுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், பதில் வாங்கினார்கள், தண்ணீர் போனது. நெருக்கடியில் மனிதர்கள் நடந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான், ஆனால் இதை வைத்து யாரும் தொடர் எடுக்கமாட்டார்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். எல்லியின் மூளையில் பிறந்ததிலிருந்தே பூஞ்சை வளர்ந்திருக்கிறது. அதை எடுத்துப் பெருக்கினால் எல்லோருக்கும் மருந்து செய்யலாம் என்கிறார் டாக்டர். எடுத்தால் அவள் சாவாள். ஃபயர்ஃபிளைஸ் தலைவி மார்லீன் இதை எல்லியிடம் சொல்லவில்லை. பயமில்லாமல் போகட்டும் என்று மயக்க மருந்து கொடுத்தாயிற்று. கேட்டால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள் என்பது மார்லீனின் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்புதான், நாம் பட்டதெல்லாம் வீணாகக் கூடாது என்று எல்லி ஜோயலிடம் சொல்லியிருந்தாள்.

பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை, பிரேக் பிடிக்காத டிராம் வண்டிக் கணக்குக்காகப் பெயர் பெற்றது. ஐந்து பேர் மேல் ஏறப்போகும் வண்டியை ஒருவர் இருக்கும் தண்டவாளத்துக்குத் திருப்பலாமா என்ற கேள்வி. அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் கேட்கிறார், அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவரைக் கொன்று அவர் உடலிலிருந்து சீரம் தயாரித்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம் என்றால், செய்யலாமா? வண்டியைத் திருப்பலாம் என்று சொல்கிறவர்களே இதற்குத் தலையை ஆட்டி மறுப்பார்கள். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஒருவரை மருந்தின் மூலப்பொருளாக ஆக்குவதில் வேறேதோ இருக்கிறது. எல்லியின் கதை அப்படியே இந்த இரண்டாவது கேள்விதான்.

அந்த 'வேறேதோ' என்ன என்பது வேலூருக்குக் கொஞ்சம் தெரியும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் இங்கேதான், சி.எம்.சி.யில் நடந்தது. உயிரோடிருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைப்பது நடைமுறையான பிறகு, கடன் தொல்லையில் இருந்தவர்களிடம் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கும் தரகர்களும் நாடெங்கும் கிளம்பினார்கள். அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆபத்துக்குப் பாவமில்லை என்று. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பனை குற்றம். உயிரோடு கொடுப்பவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். நெருங்கிய உறவு இல்லையென்றால் அனுமதிக் குழு விசாரிக்கவேண்டும். அவ்வளவு ஏற்பாடும் எதற்காக? உயிர் பிழைக்கத் தவிக்கும் ஒருவருக்கும் அவரைச் சுற்றி அழுகிற குடும்பத்துக்கும் நடுவே, கொடுக்கப்போகிறவரைத் தனியாக நிறுத்தி, 'நிஜமாகவே சம்மதமா?' என்று கேட்பதற்காக.

எல்லிக்குப் பதினான்கு வயது. கேட்டிருந்து அவள் சரி என்றாலும், அந்தச் சம்மதத்தை வைத்து அவளைக் கொல்ல நம் சட்டம் எதுவும் விடாது. என் மனசும் விடாது. கேட்டால் மட்டும் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் விட்டதுதான் முதல் தப்பு, அதை டாக்டரும் மார்லீனும் செய்தார்கள். ஜோயல் அவளைக் காப்பாற்றினான் என்றே வைத்துக்கொண்டாலும், அதே தப்பைத்தான் இன்னொரு பக்கமிருந்து செய்தான். காரில் கண் விழித்தவளிடம் பொய் சொல்கிறான்: உன்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள், மருந்து செய்ய முடியாது என்று கைவிட்டுவிட்டார்கள். கடைசிக் காட்சியில், சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் பண்ணச் சொல்கிறாள். பண்ணுகிறான். அவள் முகத்தையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. "சரி" என்கிறாள். நம்பவில்லை என்று தெரிகிறது. இரண்டாம் பருவத்தில் உண்மை வெளிவரும்போது அவள் கோபத்தின் சாரம் இதுதான்: என் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும், அதை நீ பறித்துவிட்டாய். ஜோயல் அழுதுகொண்டே, மறுபடி வாய்ப்பு வந்தாலும் இதையேதான் செய்வேன் என்கிறான். சொன்ன மறுநாளே, அவன் சுட்ட டாக்டரின் மகள் ஆபி கையில் சாகிறான்.

அந்த இரண்டாம் பருவத்தைப் பார்த்து முடித்த இரவு அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பத்து வருடங்களுக்கு முன் அவர் என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். அதைப்பற்றி வீட்டில் அதிகம் பேச்சு இருந்ததில்லை. அக்கா தம்பிக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. உங்க பாட்டி, சித்தி, எல்லாரையும். ஒரு டாக்டரம்மா மட்டும் உக்காந்துகினு கேட்டாங்க. யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களாம்மான்னு. எனக்கு இன்னா தோணுச்சோ தெரியல, சும்மா சொல்லிப் பாப்போம்னு, 'எனக்கு இஷ்டமில்ல'ன்னு சொல்லிட்டேன்."

"நிஜமாவா அத்த? அப்புறம்?"

"'சரிம்மா, நீங்க போங்க. பொருந்தலன்னு நாங்களே சொல்லிக்கறோம், உங்க பேர் வராது'ன்னாங்க. ஒரு வார்த்த மேல பேசல. வெளிய வந்து பெஞ்சில கொஞ்ச நேரம் உக்காந்தேன். உங்க சித்தப்பன் அங்க வீல்சேர்ல தூங்கிகினு இருந்தான். அப்புறம் நானே எழுந்து உள்ள போயி, 'இல்லம்மா, தரேன்'னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."